தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் அணியிடம் எதை எதிர்பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, அமெரிக்கா வந்தபின் மேஜர் லீக் பேஸ்பால் பார்க்கத் தொடங்கியவர்கள் பலர். தங்கள் அணி தோற்க ஆரம்பித்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள் வருடாவருடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். 41–121 என்று இருந்தால் 41 வெற்றி, 121 தோல்வி என்று படிக்கவும்.

ஒரு சீசன்ல எத்தனை மேட்ச் தோத்தா நார்மல்?

மொத்தம் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். 2024-ல் லீக்கிலேயே அதிக வெற்றி பெற்று கோப்பையையும் தூக்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 98–64. அதாவது சாம்பியன் அணியே 64 முறை தோற்றது. 2001-ல் 116 ஆட்டம் வென்ற சியாட்டில் மரைனர்ஸ்கூட 46 தோற்றது. அதைவிட அதிக வெற்றி எந்த அணியும் ஒரு சீசனில் பெற்றதில்லை.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு அளவு: 65 தோல்விக்குள் முடித்தால் லீக்கின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. 75 தோல்வி என்றால் ப்ளேஆஃப் வாசலில் நிற்கும் அணி. 81 நடு. 90-ஐத் தாண்டினால் பலவீனமான அணி. 100 தோல்வி என்றால் குறை அதிர்ஷ்டத்தில் இல்லை, ஆட்களில் இருக்கிறது.

ஐபிஎல்ல நாலு மேட்ச் தோத்தாலே கணக்குப் போட ஆரம்பிச்சிடுவோம். இங்க யாரும் அசர மாட்டேங்கறாங்களே, ஏன்?

ஐபிஎல் லீக் சுற்று 14 ஆட்டம். 2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அதில் பத்து தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது, சீசனும் முடிந்தது. பேஸ்பாலில் 14 ஆட்டம் என்பது இரண்டு வாரம். அதில் பத்து தோற்றாலும் இன்னும் 148 மீதி இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பேஸ்பாலில் நல்ல அணிக்கும் மோசமான அணிக்கும் ஒரு தனி ஆட்டத்தில் உள்ள இடைவெளி குறைவு. சீசனில் 97 வெற்றி பெறும் அணி பத்துக்கு ஆறு வெல்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட அணியும் மூன்று ஆட்டம் கொண்ட தொடர்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்று தொடருக்கு ஒரு தொடரை இழக்கும். ஒரு நாள் முடிவை வைத்து அணியை எடைபோடுவது இங்கே எடுபடாது.

வரிசையா ஆறு மேட்ச் தோத்தாச்சு. சீசன் அவ்வளவுதானா?

இல்லை. சரிபாதி வெல்லும் அணியை எடுத்துக்கொண்டு, நாணயம் சுண்டுவது போல 162 ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால், அதன் மிக நீண்ட தோல்வித் தொடர் ஆறு ஆட்டத்தை ஒட்டி வரும். 60 சதவீதம் வெல்லும் அணிக்கு ஐந்து, 40 சதவீத அணிக்கு எட்டு. ஆக, ஆறு தோல்வி என்பது நடுத்தர அணிகளில் பெரும்பாலானவை ஒரு சீசனில் ஒருமுறையாவது கடக்கிற இடம். பத்து வரிசையாகத் தோற்பது அப்படியல்ல. நடுத்தர அணிக்கு அது பதின்மூன்று பதினான்கு சீசனுக்கு ஒருமுறை வரக்கூடியது.

வந்தாலும் முடிந்துவிடவில்லை. 2017 டாட்ஜர்ஸ் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலுமாக 17 ஆட்டத்தில் 16 தோற்றது, அதில் 11 வரிசையாக. அதே அணி 104–58 என்று முடித்து, கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரை போனது. 2024-ல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் சீசனின் கடைசி ஐந்து வாரத்துக்குள் இரண்டு முறை ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றும் ப்ளேஆஃபுக்குள் நுழைந்தது.

அப்போ எதைப் பார்த்துத்தான் கவலைப்படணும்?

ரன் வித்தியாசத்தை. அணி அடித்த மொத்த ரன், கொடுத்த மொத்த ரன் இரண்டும் எல்லாப் புள்ளிப் பட்டியலிலும் இருக்கும். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. பித்தாகரஸ் கணக்கு என்பார்கள். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவதுதான் அந்த அணிக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய வெற்றி விகிதம்.

ஒரு உதாரணம். உங்கள் அணி 40 ஆட்டத்தில் 15–25. அடித்தது 180, கொடுத்தது 190. வர்க்கங்கள் 32,400, 36,100. கூட்டினால் 68,500. 32,400-ஐ 68,500-ஆல் வகுத்தால் 0.473. நாற்பதால் பெருக்கினால் 19. அதாவது இந்த அணி 19–21 ஆக இருந்திருக்க வேண்டும். நான்கு ஆட்டம் கைநழுவியிருக்கிறது. போன நான்கு திரும்பி வராது. ஆனால் இனி வரும் ஆட்டங்களில் இதே அணி ஏறக்குறைய பாதிக்குப் பாதி வெல்லும் என்று எதிர்பார்க்கலாம். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. அதிர்ஷ்டம் சமன் செய்யும் என்று நம்பிக்கொண்டு, 25–15 போல ஒரு ஓட்டம் வரப்போகிறது என்று காத்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கம் 2024 சிகாகோ வைட் சாக்ஸ். அடித்தது 507, கொடுத்தது 813. சூத்திரப்படி 45 வெற்றி, கிடைத்தது 41. 121 தோல்வியில் துரதிர்ஷ்டத்தின் பங்கு நான்கு ஆட்டம்தான்.

ஒரு எச்சரிக்கை: 20–1 என்ற ரன் கணக்கில் முடியும் ஓர் ஆட்டம் முப்பது நாற்பது ஆட்டக் கணக்கையே சாய்த்துவிடும். தோல்வி உறுதியானபின் பிட்சர்களை, அதாவது பந்து வீச்சாளர்களை, மிச்சம் பிடிக்க ஃபீல்டர் ஒருவரைப் பந்து வீச விடுவார்கள். அப்போது போகும் ரன்களுக்கு அர்த்தமில்லை. அப்படி ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ரன்ல, ஒரு ரன்லன்னே தோக்கறாங்க. கடைசி நேரத்துல நெஞ்சுரம் இல்லையோ?

ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களின் முடிவு பெரும்பாலும் தற்செயல். இந்த வருடம் அதில் 15–30 என்று இருந்த அணி, அடுத்த வருடம் அதே ஆட்களோடு பாதிக்குப் பாதிக்கு வருவதே வழக்கம். மேலே சொன்ன சூத்திரத்துக்கும் உண்மையான புள்ளிக்கும் இடையில் விழும் பள்ளத்தில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது.

தற்செயலில் சேராத ஒன்று புல்பென், அதாவது தொடக்கப் பிட்சருக்குப் பின் வந்து வீசுகிறவர்கள். தோல்வித் தொடரில் புல்பென் எப்படிக் கெடுகிறது என்பதை ஆட்டத்தின் ஸ்கோர்கார்டான பாக்ஸ் ஸ்கோரிலேயே பார்க்கலாம். திங்கட்கிழமை தொடக்கப் பிட்சர் நான்கு இன்னிங்ஸில் 95 பந்து வீசிவிட்டு வெளியே போகிறார். மீதி ஐந்து இன்னிங்ஸை நான்கு ரிலீவர்கள், அதாவது புல்பென் பிட்சர்கள், பங்கிட்டுக்கொள்கிறார்கள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. புதன்கிழமை 3–2 என்று முன்னிலையில் இருக்கும்போது, எட்டாவது இன்னிங்ஸுக்கு வர வேண்டிய நல்ல ரிலீவர் இரண்டு நாள் வரிசையாக வீசிக் களைத்திருப்பார். மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கிலிருந்து அன்று காலை வந்திறங்கிய பையன் வீசுவான். அந்த ஆட்டம் 5–3 என்று போகும். யாரை எப்போது ஆடவைப்பது என்று முடிவெடுக்கும் மேனேஜரை எல்லோரும் புதன்கிழமை திட்டுவார்கள். கோளாறு திங்கட்கிழமையே தொடங்கியிருக்கும்.

எனவே ஒரு வாரத்தின் ஐந்து தொடக்கப் பிட்சர்களும் எத்தனை இன்னிங்ஸ் போனார்கள் என்று பாருங்கள். ஐந்தரைக்கு மேல் சராசரி வந்தால் புல்பென் மூச்சு விடும். நான்கரை என்றால் அடுத்த வாரமும் கடைசி நேரத் தோல்விகளை எதிர்பார்க்கலாம்.

நம்ம ஆளு நல்லாத்தான் அடிக்கிறான், ஆனா எல்லாம் நேரா ஃபீல்டர் கைக்கே போகுது. இது எப்போ மாறும்?

ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி) அல்லாமல் மைதானத்துக்குள் விழும் பந்துகளில் லீக் சராசரியாக நூற்றுக்கு 29 ஹிட் ஆகிறது, அதாவது பேட்டர் பத்திரமாக பேஸ் சேர்கிறார். ஒரு பேட்டருக்கு ஒரு மாதம் 20 என்று இருந்தால், பெரும்பாலும் அடுத்த மாதங்களில் ஏறும். ஆனால் மெதுவாக ஓடுபவர், எப்போதும் உயரத் தூக்கி அடிப்பவர் போன்றோருக்கு இயல்பான அளவே குறைவு. அவரவர் முந்தைய வருடக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த எண் நிலைபெற ஒரு முழு சீசனுக்கு மேல் ஆகும். ஸ்ட்ரைக்அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதம் அறுபது தடவை பேட் பிடித்தாலே ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும், அது இரண்டு வார ஆட்டம். ஆகவே சரிவில் இருக்கும் பேட்டரிடம் முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக்அவுட். அது பழைய அளவிலேயே இருந்தால் பொறுக்கலாம். நூற்றுக்கு 20 என்பது 30 ஆகியிருந்தால் காயமோ, பிட்சர்கள் கண்டுபிடித்துவிட்ட பலவீனமோ இருக்கிறது.

முக்கியமான பிட்சருக்கு அடிபட்டுடுச்சு. அதனாலதான் தோக்கறோமா?

ஓரளவுக்கு. தொடக்கப் பிட்சர் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுகிறார். முழு சீசனில் 30 முதல் 33 ஆட்டம். லீக்கின் முதல்தரப் பிட்சரே, அவர் இடத்தில் மைனர் லீக் ஆள் வீசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட, ஒரு சீசனில் ஐந்தாறு வெற்றிதான் கூடுதலாகத் தருவார். இரண்டு மாதம் அவர் இல்லை என்றால் இழப்பு இரண்டு ஆட்டம். பன்னிரண்டு தோல்விக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. மூன்று பிட்சர்களும் முக்கிய ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்பும் ஒரே நேரத்தில் இல்லை என்றால் கதை வேறு.

எப்போது திரும்புவார் என்பதற்கு: காயப் பட்டியலில் பேட்டருக்குக் குறைந்தது 10 நாள், பிட்சருக்கு 15. அறுபது நாள் பட்டியலுக்கு மாற்றிவிட்டால் அணியே அவரை உடனே எதிர்பார்க்கவில்லை என்று பொருள். முழங்கைத் தசைநார் அறுவை, அதாவது டாமி ஜான் சர்ஜரி என்றால், 12 முதல் 18 மாதம். இந்த சீசனை மறந்துவிட்டு அடுத்த சீசனிலும் பாதியை மறந்துவிடலாம். திரும்பி வந்த முதல் சில ஆட்டங்களில் மூன்று நான்கு இன்னிங்ஸுக்கு மேல் விடமாட்டார்கள்; அதனால் புல்பென் பாரம் உடனே குறையாது.

எத்தனை கேம் பின்னாடி இருந்தா கைகழுவலாம்?

முதலில், யாருக்குப் பின்னால் என்று பாருங்கள். மேஜர் லீக் பேஸ்பால் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்குகளாகவும், ஒவ்வொரு லீக்கும் மூன்று டிவிஷனாகவும் பிரிந்திருக்கிறது. 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள் ப்ளேஆஃபுக்குப் போகின்றன: மூன்று டிவிஷன் முதல்வர்கள், மூன்று வைல்ட் கார்டுகள், அதாவது மற்றவர்களில் அதிக வெற்றி பெற்ற மூன்று அணிகள். டிவிஷனில் 14 ஆட்டம் பின்னால் இருப்பவர் வைல்ட் கார்டில் ஐந்துதான் பின்னால் இருக்கக்கூடும்.

2022 முதல் 2025 வரை கடைசி வைல்ட் கார்டு 83 முதல் 89 வெற்றிக்குள் கிடைத்திருக்கிறது. 87-ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் உங்கள் அணி 50–58 என்று வைப்போம். மீதி 54. 87-க்கு 37–17 வேண்டும். அதை 162 ஆட்டத்துக்கு நீட்டினால் 111 வெற்றி பெறும் அணியின் வேகம். இதுவரை 75 வெற்றி வேகத்தில் ஆடிய அணி இரண்டு மாதம் 111 வெற்றி வேகத்தில் ஆட வேண்டும் என்று எழுதிப் பார்த்தால், எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கிவிடும். மீதி ஆட்டங்களில் மூன்றில் இரண்டுக்கு மேல் வென்றாக வேண்டிய நிலை வந்துவிட்டால், கோப்பைக் கனவை மூட்டை கட்டிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்ப்பது நல்லது.

இடையில் எத்தனை அணிகள் இருக்கின்றன என்பதும் முக்கியம். ஒரே ஒரு அணியைத் தாண்ட வேண்டும் என்றால் அது சறுக்கினால் போதும். ஐந்து அணிகள் இருந்தால், அவை ஒன்றோடொன்று மோதும்போது யாராவது ஒருவர் வென்றே தீருவார்.

எலிமினேஷன் நம்பர்னு போடறாங்களே, அது எப்படி வருது?

163-இலிருந்து எதிரணியின் வெற்றிகளையும் உங்கள் தோல்விகளையும் கழிக்க வேண்டும். எதிரணி 80 வெற்றி, நீங்கள் 75 தோல்வி என்றால் 8. அவர்கள் வெல்லும் ஒவ்வொரு முறையும், நீங்கள் தோற்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் முடிந்தது.

சமநிலை வந்தால் கூடுதல் ஆட்டம் வைக்கும் வழக்கம் 2022-இல் நின்றுபோனது. இப்போது இரு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்க்கிறார்கள். அதில் நீங்கள் பின்தங்கியிருந்தால் 163-க்குப் பதில் 162 போட்டுக் கணக்கிடுங்கள்.

நேஷனல்ஸ் 19–31ல இருந்து வந்து கோப்பையே ஜெயிச்சாங்களே? நாமளும் ஏன் முடியாது?

2019 வாஷிங்டன் நேஷனல்ஸ் நடந்த கதைதான். 93–69 என்று முடித்து வேர்ல்டு சீரிஸ் வென்றது. 2024 மெட்ஸ் 24–35-இலிருந்து 89 வெற்றிக்கு வந்து லீக் இறுதித் தொடர் வரை போனது. அதே வருடம் டெட்ராய்ட் டைகர்ஸ் ஆகஸ்ட் 10 அன்று 55–63. கடைசி 44 ஆட்டத்தில் 31 வென்று உள்ளே வந்துவிட்டது.

நேஷனல்ஸ் கதையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நேஷனல்ஸிடம் மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின் என்று மூன்று முதல்தரத் தொடக்கப் பிட்சர்கள் 19–31 ஆன அன்றும் இருந்தார்கள். ஓட்டை புல்பென்னில் இருந்தது. சீசனுக்கு முன் நல்ல அணி என்று கணிக்கப்பட்டதுதான் அது. உங்கள் அணி மார்ச் மாதம் 70 வெற்றி பெறும் என்று கணிக்கப்பட்டு, இப்போது 19–31 என்றால், நேஷனல்ஸை இழுக்காதீர்கள். மே கடைசியில் 19–31 ஆக நின்று, செப்டம்பரில் யாருக்கும் நினைவில்லாமல் போன அணிகள்தான் மிகுதி.

ப்ளேஆஃப் வாய்ப்பு 3 சதவீதம்னு போட்டிருக்கு. பூஜ்யம்னே எடுத்துக்கலாமா?

நூற்றில் மூன்று முறை நடக்கும் என்றுதான் அதற்குப் பொருள். மீதி அட்டவணையைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடவைத்து எடுக்கும் எண் அது. மேலே சொன்ன டைகர்ஸுக்கு ஆகஸ்ட் நடுவில் ஒரு கணிப்பு 0.2 சதவீதம் என்றது.

3 சதவீதத்தைப் பூஜ்யம் என்பதும் தவறு, டைகர்ஸைக் காட்டி முப்பது மாதிரி நடந்துகொள்வதும் தவறு. ஒரு நடைமுறை: செப்டம்பர் கடைசி வாரத்துக்கு விமான டிக்கெட் போட்டு, ஹோட்டல் எடுக்கிற அளவுக்கு நம்பிக்கை வைக்க 20 சதவீதமாவது இருக்கட்டும். அதற்குக் கீழே டிவி போதும்.

மேனேஜரைத் தூக்கினா சரியாயிடுமா?

இரண்டு உதாரணங்களை அருகருகே வைக்கலாம். 2022-ல் பிலடெல்பியா ஃபிலீஸ் 22–29 இருக்கும்போது ஜோ ஜிரார்டியை நீக்கியது. ராப் தாம்சன் வந்தபின் 65–46. வேர்ல்டு சீரிஸ் வரை போனது. 2024-ல் வைட் சாக்ஸ் 28–89 இருக்கும்போது பெட்ரோ கிரிஃபோலை நீக்கியது. கிரேடி சைஸ்மோர் வந்தபின் 13–32. ஃபிலீஸிடம் பிரைஸ் ஹார்ப்பர், ஸேக் வீலர், ஆரன் நோலா இருந்தார்கள். வைட் சாக்ஸிடம் அப்படி வரிசையாகச் சொல்ல ஆளில்லை.

மேனேஜரை நீக்குவது எப்போதும் அணி அடிமட்டத்தில் இருக்கும்போதுதான். அதற்கு மேல் சரிய இடம் குறைவு, யார் வந்தாலும் கொஞ்சம் ஏறவே செய்யும். புதியவருக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி இதற்கே போக வேண்டும். நிஜமாகவே மாறுகிற இடம், புல்பென்னை யாரை எப்போது அழைத்துப் பயன்படுத்துகிறார் என்பது. முதல் மூன்று வாரம் அதைக் கவனியுங்கள்.

டெட்லைன்ல நல்ல ஆளை வித்துட்டாங்க. கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?

ஜூலை கடைசியை ஒட்டி வரும் ட்ரேட் டெட்லைனில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) விற்கப்படும் ஆட்களின் ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். சீசன் முடிந்ததும் எப்படியும் வேறு அணிக்குப் போகக்கூடியவரை விற்பது, இரண்டு மாத உழைப்பைக் கொடுத்துப் பல வருட உழைப்பை வாங்குவது. 2024-ல் டைகர்ஸ் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்த ஜாக் ஃபிளாஹர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து இரண்டு இளைஞர்களை வாங்கியது. அதில் ஒருவரான ட்ரே ஸ்வீனி ஆகஸ்டிலேயே வந்து ஷார்ட்ஸ்டாப்பாக ஆடி, அந்த 31–13 ஓட்டத்தில் பங்கெடுத்தார்.

இன்னும் இரண்டு மூன்று வருடம் அணியின் உரிமையில் இருப்பவரை விற்றால் அது வேறு செய்தி. ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருடப் பணிக்காலம் முடித்த பிறகே சுதந்திர வீரராக முடியும். அதற்கு முன்பே விற்கிறார்கள் என்றால், அந்த ஆறு வருடத்துக்குள் நாங்கள் வெல்லப்போவதில்லை என்று நிர்வாகமே சொல்கிறது. உங்கள் எதிர்பார்ப்பையும் அந்தக் காலக்கெடுவுக்கு நகர்த்துங்கள்.

கடைசி இடம் வந்தா முதல் டிராஃப்ட் பிக் கிடைக்கும்ல? அப்போ தோக்கறதே லாபம்தானே?

டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. இந்த எண்ணம் பழைய விதியில் உருவானது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு ஒரே அளவு: ஒவ்வொன்றுக்கும் 16.5 சதவீதம். 100 தோற்பதற்கும் 121 தோற்பதற்கும் அந்த வகையில் வித்தியாசம் இல்லாமல் போகலாம்.

போதாக்குறைக்கு, வருமானப் பகிர்வில் பணம் கொடுக்கும் பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த வருடங்களில் குலுக்கல் இடம் பெற முடியாது. இதனால்தான் 2024-ல் 121 தோற்ற வைட் சாக்ஸுக்கு 2025-ல் கிடைத்தது பத்தாவது இடம். முதல் இடம் 71–91 என்று முடித்த நேஷனல்ஸுக்குப் போனது. தேர்வாகிற பையன் மேஜர் லீக்கை எட்ட மூன்று முதல் ஐந்து வருடம் ஆவது வழக்கம், எட்டாமலே போவதும் சகஜம்.

ரீபில்டுன்னு சொல்லி எத்தனை வருஷம்தான் காத்திருக்கறது?

ரீபில்டு என்பது பழைய ஆட்களை விற்று இளைஞர்களைக் கொண்டு அணியை மறுபடி கட்டுவது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை 106, 107, 111 தோல்வி. 2015-ல் ப்ளேஆஃப், 2017-ல் கோப்பை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018-ல் 115 தோல்வி, 2021-ல் 110. 2022-ல் 83–79, 2023-ல் 101–61. இந்த இரண்டையும் பார்த்தால் அடிமட்டத்திலிருந்து ஐந்தாறு வருடம் என்று தெரியும். அந்த ஓரியோல்ஸும் 2023 ப்ளேஆஃபில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை, 2025-ல் 75–87.

நடக்காமல் போன கதைகளைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. வைட் சாக்ஸ் 2016 டிசம்பரில் கிறிஸ் சேலை விற்று ரீபில்டைத் தொடங்கியது. 2020, 2021 இரண்டு வருடமும் ப்ளேஆஃப் போய், ஒரு தொடரும் வெல்லாமல், 2023-ல் 101 தோல்வி, 2024-ல் 121. எட்டு வருடத்தில் புறப்பட்ட இடத்துக்கும் கீழே. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை வரிசையாக இருபது சீசன் பாதிக்குக் கீழேயே முடித்தது.

எனவே கோப்பை எப்போது என்று கேட்காமல், வருடத்துக்கு எத்தனை வெற்றி கூடுகிறது என்று பாருங்கள். 41-க்குப் பின் 2025-ல் வைட் சாக்ஸ் 60–102. மறுபடியும் நூறு தோல்வி என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஒரே வருடத்தில் 19 வெற்றி கூடியது சாதாரண விஷயமில்லை. சேலைப் போலவே பாஸ்டனுக்கு விற்கப்பட்ட காரெட் குரோஷேவுக்குப் பதிலாக வந்த இளைஞர்களில் கைல் டீல், சேஸ் மெய்ட்ராத் இருவரும் அந்த அணியில் ஆடத் தொடங்கியிருந்தார்கள்.

சரி, இந்த சீசன் போச்சு. மீதி அறுபது மேட்ச்ல எதைத்தான் பாக்கறது?

இருபது இருபது ஆட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்றே குறிப்பு போதும்: ரன் வித்தியாசம், தொடக்கப் பிட்சர்களின் சராசரி இன்னிங்ஸ், 25 வயதுக்கு உட்பட்டவர்களில் எத்தனை பேர் தினமும் ஆடுகிறார்கள். முதல் துண்டில் –40, அடுத்ததில் –25, கடைசியில் –10 என்றால், புள்ளிப் பட்டியலில் கடைசி இடமே என்றாலும் அணி மேலே போகிறது. மூன்றாவது குறிப்பு பூஜ்யமாகவே இருந்தால், 33 வயது ஆட்களை வைத்துத் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோபப்பட வேண்டிய இடம் அதுதான்.

செப்டம்பர் 1 முதல் அணிப் பட்டியல் 26-லிருந்து 28 ஆகும், புதுமுகங்கள் வருவார்கள். அவர்களின் முதல் மாதச் சராசரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எதிரணிகள் ஒருமுறை பார்த்துப் பலவீனத்தைப் பிடித்தபின், இரண்டாம் மாதத்தில் அவர்கள் எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பத்து வயசுப் பையன் தோத்தா அழறான். என்ன சொல்லித் தேத்தறது?

‘நாளைக்குக் கண்டிப்பா ஜெயிப்பாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 60 வெற்றி அணிக்கு அது மூன்றில் இரண்டு முறை பொய்யாகும், குழந்தை அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவர் இன்று எத்தனை முறை பேஸ் ஏறினார் என்று எழுதச் சொல்லுங்கள். அணி 8–2 தோற்ற நாளிலும் அந்த ஆள் இரண்டு முறை ஏறியிருப்பார். தோற்கும் அணியின் வார நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், கூட்டமும் இருக்காது. பேட்டிங் பயிற்சி நேரத்தில் முன்வரிசை வரை போய்ப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

இப்போ வரிசையா எட்டு ஜெயிச்சுட்டாங்க! இனி நம்பலாமா?

தோல்வித் தொடருக்குச் சொன்ன அதே கணக்கைத்தான் இங்கும் போட வேண்டும். நடுத்தர அணி ஒரு சீசனில் ஆறு வரிசையாகத் தோற்பதைப் போலவே ஆறு வரிசையாக வெல்லவும் செய்யும். அந்த எட்டு ஆட்டத்தின் ரன் வித்தியாசம் என்ன, எதிரே யார், தொடக்கப் பிட்சர்கள் எத்தனை இன்னிங்ஸ் போனார்கள் என்று பாருங்கள். லீக்கின் கடைசி இரண்டு அணிகளோடு சொந்த மைதானத்தில் எட்டும் நடந்திருந்தால், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2025 மெட்ஸ் ஜூன் 12 அன்று 45–24. அன்றைக்கு லீக்கிலேயே சிறந்த புள்ளி அதுதான். அங்கிருந்து 38–55. கடைசி நாளில் சின்சினாட்டி ரெட்ஸோடு 83–79 என்று சமமாக நின்று, நேருக்கு நேர் கணக்கில் பின்தங்கி, வெளியே போனது.